கணக்கு டீச்சர் எங்கே? திருகோணமலையில் ஒரு கல்வி வலயம் நடக்கும் விதம்



இந்த இதழின் கல்விப் பாடத்துக்காக மலையை விட்டுக் கொஞ்சம் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போவோம். திருகோணமலை நமக்கு அந்நியமான ஊர் இல்லை. நம்மில் பலர் வீட்டில் ரொட்டி சுடும் கோதுமை மா, அந்தத் துறைமுகத்தில் சீனக்குடாக் கரையில் இருக்கும் பிறிமா ஆலையில் அரைபட்டு வருவதுதான். 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு லயத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்களில் பெரும்பாலானவை வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. சில திருகோணமலை மாவட்டத்திலும் குடியேறின. என் மாமா குடும்பம் அப்படிப் போனதுதான். நகரத்துக்கு வெளியே, பஸ் பாதையிலிருந்து உள்ளே நடந்து போகிற ஒரு குடியிருப்பில் இருக்கிறார்கள்.

நான் அங்கே போயிருந்தபோது மாமாவின் பேத்தி தரம் 10 இல் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பாடசாலையில் இரண்டு தவணையாகக் கணித ஆசிரியர் இல்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் கணக்கில் கோட்டை விட்டால் மேலே படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாமா சும்மா இருக்கிற ஆள் இல்லை. அதிபரிடம் போனார். அதிபர், "கோட்டக் கந்தோருக்குச் சொல்லியிருக்கிறம்" என்றார். கோட்டக் கந்தோரில், வலயத்துக்குப் போங்கள் என்றார்கள். வலயத்தில், மாகாணத்திலிருந்து ஆள் தந்தால்தான் போடலாம் என்றார்கள். மாகாணத்தில் ஒரு கிளாக்கர், "உங்கட பாடசாலைக்கு ஆள் இருக்குதே ஐயா, கடதாசியில காட்டுது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"அங்க போனா இங்கங்கிறான், இங்க வந்தா அங்கங்கிறான். பெரட்டுக் களத்துல பேர் கூப்பிடாத ஆளு மாதிரி நிக்கிறேன்டா" என்றார் மாமா.

இந்தக் கதை எந்தக் கந்தோரில் நடந்தது என்பது இங்கே முக்கியமில்லை. மாவட்டத்தில் ஐந்து வலயங்கள் இருக்கின்றன. இது எந்த வலயத்திலும் நடக்கலாம், நுவரெலியாவிலும் ஹட்டனிலும் நடக்கலாம். அந்தக் கிளாக்கர் சொன்ன ஒரு வார்த்தைதான் முக்கியம்: கடதாசியில் ஆள் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள, ஒரு கல்வி வலயம் எப்படி நடக்கிறது என்பதைப் படிக்க வேண்டும். அதுதான் இன்றைய பாடம்.

தோட்டமும் வலயமும்

அன்று இரவு மாமா வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் நான் படம் போட்டுக் காட்டினேன். அவர் முப்பது வயது வரை தோட்டத்தில் பேர் போட்டவர். ஆகவே தோட்டத்தை வைத்தே சொன்னேன்.

கொழும்பில் கம்பெனித் தலைமைக் கந்தோர் இருக்கிறதல்லவா? அந்த இடத்தில் கல்வி அமைச்சு. பத்தரமுல்லையில் இசுருபாய என்ற கட்டடத்தில் இருக்கிறது. கொள்கை அங்கே. பாடத்திட்டத்தை மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் வகுக்கிறது. பாடப்புத்தகத்தைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிடுகிறது. சோதனையைப் பரீட்சைத் திணைக்களம் நடத்துகிறது. இவை எல்லாம் நாடு முழுவதுக்கும் ஒன்று. கிண்ணியாப் பிள்ளையும் தலவாக்கலைப் பிள்ளையும் ஒரே புத்தகம்தான் படிக்கின்றன.

அதற்குக் கீழே மாகாணம். கிழக்கு மாகாணத்தின் தலைநகரே திருகோணமலைதான். திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்ற மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து 17 கல்வி வலயங்கள். அவற்றில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்ற ஐந்தும் இந்த மாவட்டத்தவை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். இவ்வளவு பேருக்கு ஐந்து வலயமா என்று கேட்கலாம். தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும் மாவட்டம். நடுவில் குடாவும் களப்பும் மகாவலி ஆறு கடலில் விழும் கழிமுகமும் குறுக்கே கிடக்கின்றன. ஒரே கந்தோரால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. பாலங்கள் வருமுன் மூதூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சம்பளப் பிரச்சினைக்கு நகரத்துக்கு வருவதென்றால் தோணித்துறைகளைத் தாண்டி வர வேண்டும்.

வலயத்தைத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலயக் கல்விப் பணிப்பாளர்தான் தொரை. அவருக்குக் கீழே பிரதிக் கல்விப் பணிப்பாளர்கள்: ஒருவர் நிர்வாகம் பார்ப்பார், ஒருவர் திட்டமிடல், ஒருவர் கல்வி அபிவிருத்தி. கணக்கு வழக்குக்குக் கணக்காளர் ஒருவர். பாடத்துக்குப் பாடம் உதவிக் கல்விப் பணிப்பாளர்களும், வகுப்பறைக்கு நேரே வந்து ஆசிரியருக்கு வழிகாட்டும் ஆசிரிய ஆலோசகர்களும் உண்டு. வலயத்துக்குள்ளே கோட்டங்கள், அதாவது நம்ம டிவிஷன். கோட்டக் கல்விப் பணிப்பாளர் சின்னத்தொரை மாதிரி. கடைசியில் பாடசாலை, அதிபர். அதிபரைக் கணக்கப்பிள்ளைக்கு ஒப்பிட்டேன். அதிபர்மார் என்னோடு கோபிக்கக் கூடாது.

மாமா படத்தைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். "சரி, தொரைகிட்ட சொன்னா ஒரு மலையில இருக்கிற ஆளை எடுத்து இன்னொரு மலைக்குக் காலையிலேயே போடுவாரே. இந்தத் தொரை ஏன் போடமாட்டேங்கிறார்?"

நல்ல கேள்வி. ஒப்பு உடைகிற இடம் அதுதான். தோட்டத்துத் தொரை பெரட்டில் ஆள் மாற்றுவது போல வலயப் பணிப்பாளர் மாற்ற முடியாது. ஆசிரியர்கள் இலங்கை ஆசிரியர் சேவையைச் சேர்ந்தவர்கள். அதிபர்களுக்கு இலங்கை அதிபர் சேவை, பணிப்பாளர்களுக்கு இலங்கைக் கல்வி நிர்வாக சேவை என்று தனித்தனிச் சேவைகள். மாகாணப் பாடசாலை ஆசிரியர்களின் நியமனம், ஒழுக்காற்று விடயங்கள் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. வருடாந்த இடமாற்றத்துக்கு இடமாற்றச் சபை கூடும்; ஆசிரியர் சங்கப் பிரதிநிதிகளும் அதில் உட்காருவார்கள். வலயத்துக்குள் மாற்றுவதற்கு வலயத்தில் பேசலாம். ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்கு என்றால் மாகாணம் வேண்டும். ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு என்றால் இரண்டு மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும். இதெல்லாம் ஆசிரியரைப் பழிவாங்கலிலிருந்து காப்பாற்ற வந்த விதிகள். நல்ல விதிகள்தான். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது விளங்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நகரத்தில் உள்ள ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி போன்றவை தேசியப் பாடசாலைகள். அவை நேரே கொழும்பு அமைச்சின் கீழ் வருபவை. ஒரே வீதியில் அடுத்தடுத்து இரண்டு பாடசாலை இருக்கும். ஒன்றின் ஆசிரியரைப் பற்றிக் கேட்க வலயத்துக்குப் போக வேண்டும், மற்றதைப் பற்றிக் கேட்க அமைச்சுக்குப் போக வேண்டும். மாகாணசபை முறை 1987 ஆம் ஆண்டு நவம்பரில் வந்த 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் உண்டானது. கல்வியை மாகாணத்துக்குக் கொடுத்து, தேசியப் பாடசாலைகளைக் கொழும்பு தன் கையில் வைத்துக்கொண்டது. நாட்டில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகளே. நம்ம தோட்டப் புறத்துப் பாடசாலைகளும் அப்படியே. ஆகவே உங்கள் பிள்ளையின் பாடசாலை எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கதவு தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தால் கை வலிப்பதுதான் மிச்சம்.

முன்பு யார் நடத்தினார்கள்?

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஒரு காலத்தில் திருகோணமலையில் பாடசாலை நடத்தியது அரசாங்கம் மட்டும் அல்ல. கத்தோலிக்க, மெதடிஸ்த மிஷன்கள் நடத்தின. பிறகு சைவர்களும் முஸ்லிம்களும் நடத்தினார்கள். தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மையார் 1923 இல் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலைதான் இன்றைய சண்முகா. இந்துக் கல்லூரி 1920களில் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் வந்தபோது அதை வளர்த்தவர் விபுலானந்த அடிகள். அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்கும். மனேஜர் ஒருவர் ஆசிரியரை வைப்பார், எடுப்பார். மனேஜருக்குப் பிடித்தால் வேலை, பிடிக்காவிட்டால் வீட்டுக்கு.

1960, 1961 ஆம் ஆண்டுகளில் வந்த சட்டங்களால் இந்த உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. நாடு முழுவதும் ஆசிரியர்கள் அரசாங்க ஊழியர்கள் ஆனார்கள். அன்றைக்கு அதை எதிர்த்தவர்களும் உண்டு, மகிழ்ந்தவர்களும் உண்டு.

ஆனால் நம்மை மறந்துவிட்டார்கள். தோட்டப் பாடசாலை தோட்டத்திடமே இருந்தது. 1907 ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டம், தொழிலாளியின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பது தோட்ட அதிகாரியின் கடமை என்று சொன்னது. கடமை கடதாசியில் இருந்தது. கொட்டகை ஒன்று, ஆசிரியர் ஒருவர், ஐந்து வகுப்பு. அதோடு சரி, பிறகு கொழுந்து மலைக்கு. 1945 இல் கன்னங்கரா காலத்தில் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பலன் லயத்து வாசலுக்கு வரவில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகுதான், 1970களின் கடைசியில் தொடங்கித் தோட்டப் பாடசாலைகளை ஒவ்வொன்றாகக் கல்வித் திணைக்களம் ஏற்றது. திருகோணமலைப் பிள்ளைக்கு 1961 இல் கிடைத்தது நம் பிள்ளைக்குக் கிடைக்கப் பதினைந்து இருபது வருடம் பிந்திற்று. அதனால்தான் இன்றும் நம் பாடசாலைகளில் பல வகை 3 ஆகவே நிற்கின்றன.

வகை என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவும் உள்ளது 1ஏபி. உயர்தரத்தில் கலை, வர்த்தகம் மட்டும் உள்ளது 1சி. தரம் 11 வரை உள்ளது வகை 2. தரம் 5 வரையோ 8 வரையோ உள்ளது வகை 3. ஒரு வலயத்தில் எந்த வகையில் எத்தனை பாடசாலை, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே அந்த வலயத்துப் பிள்ளைகளில் யார் எவ்வளவு தூரம் படிப்பார்கள் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். மாமாவின் பேத்தி படிப்பது வகை 2. அதற்கு மேல் படிக்க நகரத்துக்குப் போக வேண்டும். அதற்குச் சாதாரண தரம் நல்லபடி வர வேண்டும். அதற்குக் கணக்கு டீச்சர் வர வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு சுப்ரின்டன்டன்

நம் வலயத்தைப் போன்ற ஏற்பாடு வேறு நாடுகளில் எப்படி என்று பார்த்தால் நம்முடையது நன்றாக விளங்கும். அமெரிக்காவில் பதின்மூவாயிரம் அளவில் பாடசாலை மாவட்டங்கள் இருக்கின்றன. நகரத்து ஓரத்தில் நாலைந்து பாடசாலை மட்டும் உள்ள மிகச் சின்ன மாவட்டமும் உண்டு. பெரும்பாலானவற்றில் ஊர் மக்களே வாக்குப் போட்டு ஒரு கல்விச் சபையைத் தெரிவு செய்வார்கள். அந்தச் சபை தலைமை அதிகாரி ஒருவரை வேலைக்கு வைக்கும். அவர் பதவியின் பெயர் என்ன தெரியுமா? சுப்ரின்டன்டன். நம்ம தோட்டத்துப் பெரிய தொரைக்கு இங்கிலீஷில் என்ன பெயரோ அதே பெயர்! ஆனால் அங்கே அவரை வைப்பதும் அனுப்புவதும் ஊர் தெரிந்த சபை. சபைக் கூட்டம் பொதுவில் நடக்கும். தாய் தகப்பன் போய் எழுந்து நின்று, கணக்கு டீச்சர் எங்கே என்று கேட்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த முறையை அப்படியே கொண்டுவந்தால் நமக்கு நல்லதென்று நான் நினைக்கவில்லை. அங்கே பாடசாலைக் காசில் பெரும் பங்கு அந்த ஊர் வீடு வளவுகளின் வரியிலிருந்து வருகிறது. பெரிய வீடுகள் உள்ள ஊரில் பெரிய பாடசாலை. ஏழை ஊரில் ஏழைப் பாடசாலை. மாநில அரசு உதவி கொடுத்துச் சமப்படுத்தப் பார்த்தாலும் இடைவெளி போகவில்லை. லயத்து வரியில் பாடசாலை நடத்துவதென்றால் நம் கதி என்ன? நம் நாட்டில் ஆசிரியர் சம்பளம் கடைசியில் திறைசேரியிலிருந்துதான் வருகிறது. மாகாணங்களுக்கு எவ்வளவு என்று நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்யும். வெருகலில் படிப்பிக்கும் ஆசிரியருக்கும் கொழும்பு ஆசிரியருக்கும் ஒரே சம்பளத் திட்டம். கஷ்டப் பிரதேசம் என்றால் மேலதிகக் கொடுப்பனவும் உண்டு. இது பெரிய விஷயம். இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

குறை வேறு இடத்தில். இங்கே பணமும் ஆளும் மேலிருந்து வருவதால், கேள்வி கீழிருந்து மேலே போக வழி ஒடுக்கமாக இருக்கிறது. வலயத்துக்குத் தெரிவு செய்யப்பட்ட சபை ஒன்றும் இல்லை. மாகாண சபை இருந்தபோது உறுப்பினர் ஒருவரையாவது பிடித்துக் கேட்கலாம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு புதிய சபை ஒன்று தெரிவாகவில்லை. நிர்வாகம் ஆளுநர் கையில். ஆகவே தாய் தகப்பனுக்கு மிஞ்சியிருக்கும் முதல் கதவு பாடசாலை அபிவிருத்திச் சங்கம்தான்.

சங்கம் என்ற கதவு

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தை நம்மில் பலர் சிரமதானத்துக்கும் சந்தாவுக்கும் மட்டும் என்று நினைக்கிறோம். அதன் தலைவர் பதவி வழியாக அதிபர். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் உறுப்பினர்கள். வருடா வருடம் பொதுக்கூட்டம் வைக்க வேண்டும், கணக்கறிக்கை வாசிக்க வேண்டும். அதுபோக, அரசாங்கம் பாடசாலைக்குத் தர உள்ளீடு என்று வருடா வருடம் பணம் ஒதுக்குகிறது. பிள்ளைகளின் தொகையையும் வகுப்பையும் வைத்துக் கணக்கிட்டு, 2000 ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய முறை. எழுதுபொருள், கற்பித்தல் சாதனம், சின்னச் சின்னத் திருத்தம் இவற்றுக்கானது அது. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேட்பது யாரையும் கள்ளன் என்பதாகாது. நல்ல அதிபர்கள் இதைக் கரும்பலகையில் எழுதியே போடுகிறார்கள்.

1993 இல் பாடசாலை அபிவிருத்திச் சபைகள் என்று தனிச் சட்டமே வந்தது, அது நிலைக்கவில்லை. 2006 முதல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித் திட்டம் என்ற பெயரில் பாடசாலை மட்டத்தில் முடிவெடுக்கும் பொறுப்பை விரித்தார்கள். பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். பெற்றோர் கூட்டத்துக்குப் போகாவிட்டால் எந்தப் பெயர் வைத்தும் பிரயோசனமில்லை. மாமாவைக் கேட்டேன், கடைசியாக எப்போது கூட்டத்துக்குப் போனீர்கள் என்று. "நம்மளை எதுக்குக் கூப்பிடுறாங்க, காசு கேக்கத்தானேன்னு போகல" என்றார். உண்மையைச் சொன்னார். தோட்டத்தில் பேர் போகுமே என்று நாமும் போவதில்லை. அங்கே தோணி ஓட்டுகிறவனும் மேசன் வேலைக்காரனும் அன்றாடக் கூலி போகுமென்று போவதில்லை. வருகிற நாலு பேர்தான் முடிவெடுக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு மாமா போனார். கூட ஏழெட்டுப் பேரை இழுத்துக்கொண்டு போனார். கணக்கு டீச்சர் விஷயத்தை எழுப்பினார்கள். அப்போதுதான் அதிபர் வாய் திறந்தார். பாவம், அவரும் பல மாதமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த மனிதர்.

கடதாசியில் இருக்கும் ஆசிரியர்

இனிக் கிளாக்கர் சொன்ன வார்த்தைக்கு வருவோம். ஒவ்வொரு பாடசாலைக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி என்று ஒன்று உண்டு. எத்தனை பிள்ளை, எத்தனை வகுப்பு, எந்தப் பாடம் என்று கணக்கிட்டு, இந்தப் பாடசாலைக்குக் கணிதத்துக்கு இத்தனை பேர், தமிழுக்கு இத்தனை பேர் என்று எழுதி வைப்பார்கள். நம்ம செக்ரோல் மாதிரி. அந்தப் பட்டியலில் இடம் வெறுமையாக இருந்தால்தான் புதிய ஆளைக் கேட்கலாம்.

இங்கேதான் கூத்து. கர்ப்பமாக இருக்கிறார், நோயாளி, கணவன் வேறு ஊரில் வேலை என்று பல காரணங்களுக்காக ஒரு ஆசிரியரைத் தற்காலிகமாக இன்னொரு பாடசாலையில் இணைப்பார்கள். இணைப்பு என்றே அதற்குப் பெயர். சம்பளம் பழைய பாடசாலைப் பெயரில் போகும். வேலை புதிய இடத்தில். சில இணைப்பு மூன்று மாதத்தில் முடியும். சில வருடக்கணக்கில் நீளும். அவ்வளவு காலமும் பழைய பாடசாலையின் கணக்கில் அவர் இருக்கிறார், வகுப்பில் இல்லை. செக்ரோலில் பேர் விழுகிறது, மலையில் ஆள் இல்லை. தோட்டத்தில் இப்படி நடந்தால் என்ன சத்தம் கிளம்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

இணைப்புகள் எந்தப் பக்கமாகப் போகும்? ஓரத்திலிருந்து நகரத்துக்கு. நகரத்திலிருந்து ஓரத்துக்கு இணைப்புக் கேட்டு எழுதும் ஆசிரியரை நான் இன்னும் காணவில்லை. அந்த ஆசிரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கும் பிள்ளை குட்டி உண்டு. மலையகத்திலும் இதே கதையைத்தான் கண்டோம். வடக்கு கிழக்கிலிருந்து நியமனம் பெற்று வந்த பல ஆசிரியர்கள் நன்றாகப் படிப்பித்தார்கள், பிறகு ஊருக்கு மாற்றம் எடுத்துப் போனார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் நம் இளைஞர்களையே ஆசிரிய உதவியாளராகச் சேர்க்கும் திட்டம் வந்தது. 2015 ஐ ஒட்டிச் சுமார் 3,000 பேர் அப்படிச் சேர்ந்தார்கள். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுடன் தொடங்கி, அது பிறகு 10,000 ஆனது. அந்தக் காசில் பஸ்ஸில் போய்வந்து படிப்பித்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு என்னவோ செய்கிறது.

மாமாவின் பாடசாலையில் கணிதத்துக்கு ஆளணி இரண்டு. ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். மற்றவர் நகரப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இணைப்பில் இருந்தார். அதிபருக்கு இது தெரியும். பெற்றோருக்குத் தெரியாது. எழுத்தில் யாரும் காட்டவும் இல்லை.

ஒரு வெள்ளைத்தாள் செய்தது

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் வாசகர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைக்க வேண்டும். அரசாங்கக் கந்தோர் ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். இலங்கைப் பிரசை யாரும் அவரிடம் தகவல் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்க முடியாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்குத் துண்டு தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருகிறேன் அல்லது மறுக்கிறேன் என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். மேன்முறையீட்டுக்கும் வழி உண்டு.

நானும் மாமாவும் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கேள்விதான் எழுதினோம். இந்தப் பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட கணித ஆசிரியர் எத்தனை? இப்போது இந்தப் பாடசாலைக் கணக்கில் சம்பளம் பெறும் கணித ஆசிரியர் எத்தனை? அவர்கள் இன்று எந்தப் பாடசாலையில் கடமை செய்கிறார்கள்? ஆசிரியர் பெயரைக் கேட்கவில்லை. அவரை அவமானப்படுத்துவது நோக்கமில்லையே. தகவல் அலுவலர் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதேநேரம் அபிவிருத்திச் சங்கத்தின் பெயரால், கூட்டத் தீர்மானத்தோடு வலயப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம். பிரதி மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கு. கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஐம்பதுக்கு மேல். பேத்திதான் கையெழுத்துத் தாளில் கோடு போட்டுக் கொடுத்தாள்.

பதில் வந்தது, மூன்று வரியில். இரண்டு, ஒன்று, வேறு பாடசாலையில். கடதாசியில் ஆள் இருப்பதாகச் சொன்ன அதே கந்தோர் முறை, வகுப்பில் ஆள் இல்லை என்று எழுதித் தந்துவிட்டது. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போனபோது மாமாவுக்கு நாற்காலி கிடைத்தது. முன்பு ஐந்து தடவையும் வாங்கில்தான்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இணைப்பில் போனவருக்கு உண்மையிலேயே சுகமில்லை; அவரைத் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். ஆனால் அவரை அந்த நகரப் பாடசாலைக்கே முறையாக மாற்றி, இங்கே வெற்றிடம் என்று பதிந்தார்கள். வெற்றிடம் பதிந்தால்தான் அடுத்த நியமனத்தில் பெயர் வரும். அதுவரைக்கும் பக்கத்துப் பாடசாலைக் கணித ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வர ஒழுங்கு செய்தார்கள். மீதி நாளுக்கு உயர்தரத்தில் கணிதம் படித்த ஊர்ப் பெண் ஒருத்தியை அபிவிருத்திச் சங்கம் கேட்டுக்கொண்டது. பஸ் காசு மட்டும் கொடுத்தார்கள். இந்தத் தொண்டர் ஆசிரியர் முறை எனக்குப் பிடித்த முறை அல்ல. கிழக்கில் பலர் அப்படி வருடக்கணக்கில் படிப்பித்துவிட்டு நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நின்றிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை.

பேத்தி சோதனைக்குப் போகுமுன் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். இருபடிச் சமன்பாடு முடித்துவிட்டார்களாம், கேத்திரகணிதத்தில் பாதி பாக்கியாம். நம் தோட்டத்துப் பாடசாலையில் தரம் 10 பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர் இருக்கிறாரா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாள். நான் இன்னும் பதில் எழுதவில்லை. அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு எழுதலாம் என்று இருக்கிறேன்.